உஷார்! தோசைக்காக முகத்தை அடகு வைக்காதீர்கள்

கல்லாவில் பில் போடுகிறீர்கள். டோக்கன் கிடையாது, மேசை எண் எழுதிய கட்டையும் கிடையாது. "எங்க வேணா உக்காருங்க சார், தானா வந்துடும்" என்கிறார்கள். மாடிக்குப் போய் ஜன்னலோரம் உட்காருகிறீர்கள். சர்வர் யாரையும் கேட்காமல் நேரே வந்து நெய் ரோஸ்ட்டை உங்கள் முன்னால் வைக்கிறார். ஆகா என்று தோன்றும். தோசையைப் பிய்ப்பதற்கு முன் ஒரு தடவை அண்ணாந்து கூரையைப் பார்த்துவிடுங்கள்.

திருடனைப் பிடிக்க மாட்டும் பழைய கேமரா வேறு, அங்கே இருக்கும் கேமரா வேறு. ஆர்டர் கொடுக்கும் இடத்தில் ஒரு கேமரா உங்களைப் பிடித்துக்கொள்கிறது. கூரையிலிருக்கும் கேமராக்கள் ஒன்றிடமிருந்து ஒன்று உங்களை வாங்கிக்கொண்டு, நாற்காலி வரைக்கும் பின்தொடர்கின்றன. எந்த மேசை என்பது சமையல்கட்டுத் திரையில் தெரிந்துவிடுகிறது. தெருமுனை டீக்கடைக்கு இது நாளைக்கே வந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் இதற்கு வேண்டிய கேமராவும் மென்பொருளும் இன்றைக்கே விலைக்குக் கிடைக்கின்றன.

உணவகங்களுக்கு முகம் பார்க்கும் ஆசை புதிதும் இல்லை. 2016-லேயே பெய்ஜிங்கில் கேஎஃப்சியும் பைடு நிறுவனமும் சேர்ந்து ஒரு இயந்திரத்தை வைத்தன. முகத்தைப் பார்த்து வயதையும் பாலினத்தையும் கணித்து, என்ன சாப்பிடலாம் என்று அது யோசனை சொன்னது. இருபது வயதுப் பையனுக்குக் கோழி பர்கர், ஐம்பது தாண்டிய அம்மாவுக்குக் கஞ்சியும் சோயா பாலும். (அந்த அம்மா பர்கர் சாப்பிட வந்திருந்தால்?) மறுமுறை போனால் ஆளை நினைவு வைத்திருந்து, போன தடவை சாப்பிட்டதையே எடுத்து நீட்டும். அடுத்த ஆண்டே ஹாங்ஜோ நகரில், புன்னகைத்தால் பணம் கழியும் ஏற்பாடும் வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. எந்த மேசை காலி, எதில் ஆள் இருக்கிறது என்று மட்டும் பார்க்கும் கேமராவால் பெரிய கேடில்லை. சட்டை நிறம், உடல்வாகு ஆகியவற்றை வைத்து ஆளைத் தொடர்வது இரண்டாவது வகை. அது எவ்வளவு தூரம் நம்பகமானது என்று அறிய, மார்கழி மாதம் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கறுப்பு வேட்டியும் தாடியுமாக ஒரு பஸ் நிறைய ஐயப்ப பக்தர்கள் இறங்குகிறார்கள், அடுத்த பஸ்ஸிலிருந்து மேல்மருவத்தூர் செவ்வாடைக் கூட்டம். இதில் பொடி இட்லி யாருக்கு? மாலை போட்டவர் மேசையில் சிக்கன் 65 வந்து இறங்கினால் யார் பதில் சொல்வது? நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தையின் தட்டு மாறிவிட்டால் அது வெறும் சங்கடத்தோடு போகாது, ஆஸ்பத்திரியில் போய் நிற்கும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறேன் என்றுதான் மூன்றாவது வகை வரும். அது முகத்தையே அளந்துகொள்வது. உங்கள் முகம் சில நூறு எண்கள் கொண்ட ஒரு வரிசையாக மாறும். கடைக்காரர் சத்தியம் செய்வார்: "படத்தை உடனே அழிச்சிடறோம் சார்." படம் அழியலாம். எண் வரிசை?

கனடாவில் இதுதான் நடந்தது. காடிலாக் ஃபேர்வியூ என்ற நிறுவனம் தன்னுடைய 12 வணிக வளாகங்களில், வழிகாட்டிப் பலகைகளுக்குள் கேமராவை ஒளித்து வைத்திருந்தது. 50 லட்சம் முகப் படங்கள் எடுக்கப்பட்டதாக 2020 அக்டோபரில் அந்நாட்டு அந்தரங்க உரிமை ஆணையர்கள் அறிவித்தார்கள். படங்களை அழித்துவிட்டோம் என்றது நிறுவனம். ஆனால் படத்திலிருந்து பிழிந்தெடுத்த எண்கள், மென்பொருள் கொடுத்த இன்னொரு கம்பெனியின் கிடங்கில் பத்திரமாக இருந்தன. அப்படி ஒரு கிடங்கு இருப்பதே தனக்குத் தெரியாது என்றது நிறுவனம்! வளாக முதலாளிக்கே தெரியாதது ஓட்டல் முதலாளிக்கு எங்கே தெரியப்போகிறது?

ஆஸ்திரேலியக் கதை இன்னும் பக்கத்தில் வருகிறது. நியூ சவுத் வேல்ஸில் ஜனங்கள் சாப்பிடவும் குடிக்கவும் போகும் கிளப்புகளில், வாசலில் பதிவு செய்யும் இயந்திரங்களை அவுட்டாபாக்ஸ் என்ற கம்பெனி கொடுத்திருந்தது. 2024-ல் ஒரு இணையதளம் முளைத்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள், முகம், ஓட்டுநர் உரிமம், கையெழுத்து உட்பட, கசிந்திருப்பதாக அது சொன்னது. போலீஸ் ஒருவரைக் கைது செய்தது. ஒரு வேளை சாப்பாட்டுக்குப் போனவர்கள் கைதுச் செய்தியைப் படித்து என்ன செய்ய முடியும்? பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றலாம். முகத்தை எங்கே கொண்டு போய் மாற்றுவது?

அதெல்லாம் வெளிநாடு என்று இருந்துவிடாதீர்கள். தமிழ்நாடு காவல்துறையின் முகமறியும் தளத்துக்குள்ளேயே 2024 மே மாதம் யாரோ புகுந்துவிட்டார்கள். காவல்துறைக்கே அந்தக் கதி.

சட்டம் இருக்கிறது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லி ஒப்புதல் வாங்கச் சொல்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எந்த ஓட்டலிலாவது குழந்தைகள் இல்லாத கூடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் வேறு கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மைத் தொடரும் அதே கேமரா சர்வரையும் தொடரும். எந்த மேசையில் எத்தனை நிமிடம் நின்றார், எப்போது தண்ணீர் குடிக்கப் போனார் எல்லாம் கணக்காகும். விருந்தாளிக்கு வசதி என்று சொல்லி மாட்டும் கேமரா, மாதக் கடைசியில் அவர் சம்பளத்தைப் பிடிக்கவும் உதவும்.

இவ்வளவு ஆபத்தும் எதற்காக? மேசை தெரிய வேண்டும், அவ்வளவுதான். மேசையில் வைக்கும் எண் கட்டை சில ரூபாய். கொஞ்சம் நவீனமாக வேண்டுமென்றால் மேசைக்கு அடியில் ஒட்டிய சில்லைப் படித்து, "இவர் இந்த மேசையில்" என்று சமையல்கட்டுக்குச் சொல்லும் கைக்கருவிகள் பல ஆண்டுகளாக விற்பனையில் இருக்கின்றன. அதற்கு உங்கள் முகமும் வேண்டாம், பெயரும் வேண்டாம். மேசையை அடையாளம் காணும் வேலைக்கு மனிதனை அடையாளம் காண்பது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

ஆகவே, கல்லாவில் கேமராவைப் பார்த்து நிற்கச் சொன்னால் கூச்சப்படாமல் கேளுங்கள். முகத்தை அளக்கிறீர்களா, எண்களை யார் வைத்திருக்கிறார்கள், எத்தனை நாள்? பதில் மழுப்பலாக வந்தால், வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை, சத்தமாகச் சொல்லிவிடுங்கள்: "எனக்கு டேபிள் நம்பர் கட்டை ஒண்ணு குடுங்க, நானே எடுத்துட்டுப் போய் வெச்சுக்கறேன்."