இணையக் கடையை மூடும் முன்: மறைப்பும் அழிப்பும்

கடைத்தெருவில் கடையை மூடுபவர், கதவை அடைத்த அன்றே கணக்கேடுகளைத் தீயிலிடுவதில்லை. வரவேண்டியது, கொடுக்கவேண்டியது, வரித்துறைக்குக் காட்டவேண்டியது ஆகிய அனைத்தும் தீரும்வரை ஏடுகள் பெட்டியில் பத்திரமாக இருக்கும். இணையக் கடை நடத்துவோர் மட்டும் மூடும் வேளையில் இவ்வழக்கத்தை மறந்துவிடுவதுண்டு. ‘நீக்கு’ என்னும் ஒரே பொத்தான், கதவடைப்பையும் குறிக்கலாம். ஏடுகளை எரிப்பதையும் குறிக்கலாம். எது என அறியாமல் அழுத்துவதே இடர்.

இணையக் கடையின் விவரங்கள் தரவுத்தளம் எனப்படும் மின்னேட்டில் வரிசை வரிசையாக உள்ளன. கடைக்கு ஒரு வரிசை. அதன் எண்ணைத் தாங்கிப் பொருள்கள், ஆணைகள், வாடிக்கையாளர் முகவரிகள் ஆகியவற்றுக்குத் தனித்தனி வரிசைகள். நிரந்தர நீக்கம் இவ்வரிசைகளையே அழித்துவிடுகிறது. ‘சாஃப்ட் டெலிட்’ என்று மென்பொருளாளர் கூறும் மென்னீக்கமோ எதையும் அழிப்பதில்லை. கடையின் வரிசையில் ‘நீக்கிய நாள்’ என்னும் கட்டத்தில் ஒரு தேதியை மட்டும் பதிகிறது. தேதி பதிந்த கடைகளைக் காட்டக்கூடாது என்பது மென்பொருளின் விதி. ஆகவே கடை பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைகிறது. தேதியை எடுத்துவிட்டால் மீண்டும் தோன்றுகிறது.

இம்முறை பலருக்கும் பழக்கமானதே. வேர்ட்பிரஸ் மென்பொருளில் குப்பைத்தொட்டிக்கு அனுப்பிய பக்கம், அமைப்பு மாற்றப்படாதவரை, 30 நாள் அங்கே இருந்து, அதன் பின்னரே நிரந்தரமாக அழிகிறது. அந்த 30 நாளும் மனம் மாறியவருக்கும் கைதவறியவருக்கும் கிடைக்கும் அவகாசம்.

ஆயினும் மென்னீக்கத்தால் எல்லாம் நின்றுவிடும் என எண்ணலாகாது. கடையின் பக்கம் மறைந்தாலும், முன்னர் அனுப்பிய பணம் செலுத்தும் இணைப்பும், அச்சிட்டு ஒட்டிய கியூ.ஆர். குறியீடும் தொடர்ந்து செயல்படக்கூடும். மாதாந்திரச் சந்தாவுக்கான தானியங்கிப் பற்றும் தனியே நிறுத்தப்படாவிடில் தொடரலாம். மூடிய கடைக்குப் பணம் வந்து, பொருள் போகாவிடில், அது வாடிக்கையாளரின் புகாராகவே முடியும்.

எனவே, கடையை நீக்கும் கருவியின் கையேட்டைச் சேவை நிறுவனத்திடம் கேட்டுப் படிப்பது நலம். நல்ல கையேடு நான்கு வினாக்களுக்குத் தெளிவாக விடையளிக்கும். கடையுடன் எவையெவை மறைகின்றன, எவை இயங்கிக்கொண்டே இருக்கின்றன? மீட்கும் அவகாசம் எத்தனை நாள். அது முடிந்ததும் அழிப்பு தானாக நடைபெறுமா? நீக்கவும் மீட்கவும் உரிமை பெற்றவர் யார். அவர் செய்தது எங்கே பதிவாகிறது? அவகாசக் காலத்தில் கடையின் பெயரையும் இணைய முகவரியையும் வேறொருவர் பெற இயலுமா? விடை எழுத்தில் இல்லையெனில், எழுத்து மூலம் கேட்டுப் பெறுக.

அவகாசம் முடிவதற்குள் ஆவணங்களைத் தம்வசம் எடுத்துக்கொள்ளவேண்டிய கடமை கடைக்காரருடையதே. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, கணக்குகளை ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். 2023-24ஆம் நிதியாண்டின் அறிக்கைக்குக் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. அவ்வாண்டின் பட்டியல்களை 2030 டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ நிலுவையில் இருப்பின் இக்காலம் மேலும் நீளலாம். 30 நாள் அவகாசத்தை நம்பி இருப்பவர் இவ்விடைவெளியைக் கருதுக. ஜி.எஸ்.டி. பதிவை ரத்துசெய்யும் வழக்கமான வரிசெலுத்துநர், ஜி.எஸ்.டி.ஆர்-10 என்னும் இறுதி அறிக்கையை 3 மாதங்களுக்குள் அளிக்கவேண்டும். அப்போதும் கையிருப்புச் சரக்கின் கணக்கு தேவைப்படும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை காலவரையின்றி மறைவில் கிடப்பதும் முறையன்று. நோக்கம் நிறைவேறியபின் தனிநபர் தரவை அழிக்கவேண்டும் என்பதும், வேறு சட்டப்படி வைத்திருக்க வேண்டியதற்கு விலக்கு உண்டு என்பதும் 2023ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நெறி. பட்டியல் இருக்கட்டும், விளம்பரத்திற்காகச் சேர்த்த எண்கள் அழியட்டும்.

இனி, மூடும் வரிசையைக் காண்போம்.

1. புதிய ஆணைகளை நிறுத்தி, ஏற்ற ஆணைகளை அனுப்பி முடிக்கவும்.

2. பணம் செலுத்தும் இணைப்புகள், கியூ.ஆர். குறியீடுகள், சந்தாக்கள் ஆகியவற்றை முடக்கவும்.

3. விற்பனைப் பட்டியல்கள், பரிவர்த்தனை எண்கள், திருப்பிக் கொடுத்த தொகைகள் ஆகியவற்றைப் பதிவிறக்கி, இரண்டு இடங்களில் சேமிக்கவும்.

4. அதன்பின் கடையை மென்னீக்கம் செய்து, அந்நாளைக் குறித்துவைக்கவும்.

5. விற்பனைத் தொகை வரவாகும் வங்கிக் கணக்கை இறுதியாகவே மூடவும்.

ஐந்தாவது படிக்குக் காரணம் உண்டு. அட்டை மூலம் செலுத்திய வாடிக்கையாளர், பொருள் கிடைக்கவில்லை என்பன போன்ற பல காரணங்களுக்காக 120 நாள் வரைகூடத் தம் வங்கி மூலம் தொகையைத் திரும்பக் கோர இயலும். அப்போது பொருள் சென்றதற்கான சான்றும் பரிவர்த்தனை எண்ணும் இருப்பவரே தம் பக்கத்தை நிலைநாட்ட முடியும். திருப்பித் தரவேண்டியதாயின், முறைப்படி தரவும் கணக்கு இருக்கும்.

கடையை மூடுவது தோல்வியன்று. வணிகத்தில் அதுவும் ஒரு நடைமுறை. கொடுக்கல் வாங்கல் தீர்ந்து, ஏடுகள் பத்திரமானபின் மூடிய கடைக்காரரே, மற்றொரு நாளில் அதே நற்பெயருடன் மீண்டும் கடை திறக்க இயலும்.