வேலையும் பெயரும் – 14: கத்திரி யார் கையில்?

படப்பைக் கடைத்தெருவுக்கு விடியற்காலையிலேயே கம்பெனி பஸ்கள் வந்துவிடும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று ஷிப்டுக்குப் போகிறவர்களில் தையல் மெஷினில் உட்காரும் பெண்களும் உண்டு. அவர்கள் போய் வெகுநேரம் கழித்துத்தான் ஜாக்கெட் தைக்கும் கடைகளின் ஷட்டர் ஏறும். இரண்டு இடத்திலும் ஊசி, நூல், பாபின். ஆனால் அரசு ஏட்டில் இவர்கள் இருவரும் வேறு வேறு வகுப்பு.

2015-ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் தையற்கலைஞரின் குடும்ப எண் 7531. தையல் மெஷின் ஆபரேட்டருக்கு 8153. முதல் இலக்கத்தைக் கவனியுங்கள். ஏழில் தொடங்குபவை கைத்தொழில்கள்: தச்சர், கொத்தனார், நகை செய்பவர். எட்டில் தொடங்குபவர்கள் இயந்திரத்தை இயக்குபவர்கள், பாகங்களைப் பூட்டுபவர்கள், லாரி ஓட்டுநர்கள். உலகத் தொழிலாளர் அமைப்பின் வகைப்பாட்டை ஒட்டி எழுதியது இது. ஆக, கார் இருக்கைக்கு உறை தைக்கும் பெண்ணுக்கு ஏட்டின்படி உறவுக்காரர், அந்தக் காரைப் பூட்டுகிற தொழிலாளிதான். எதிர்க்கடை டெய்லர் இல்லை.

இந்தப் பிரிவு சரியானது என்றே நினைக்கிறேன். பிரிப்பது மெஷின் அல்ல, கத்திரி.

அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து, "அக்கா, கை மட்டும் கொஞ்சம் லூசா வேணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார் ஒருவர். ஒரு தோள் சற்றுச் சரிந்திருப்பதை அந்த அக்கா ஏற்கெனவே பார்த்திருப்பார். கழுத்து இறக்கம், டாட் எங்கே முடிய வேண்டும், பட்டி எத்தனை விரல் அகலம் எல்லாம் சாக்கட்டியால் கோடு போடும்போதே முடிவாகிவிடும். நாளைக்கு உடம்பு பெருத்தால் பிரித்துத் தைக்க உள்ளே எவ்வளவு துணி விடுவது என்பதும் அப்போதே. வெட்டிய துணி திரும்ப ஒட்டாது. அந்தப் பொறுப்பை ஏற்பவர்தான் டெய்லர். பெரிய கடைகளில் மாஸ்டர் வெட்டுவார், மற்றவர்கள் பீஸ் கணக்கில் தைப்பார்கள். கடைக்குள்ளேயே இந்தக் கோடு வெகுகாலமாக இருக்கிறது.

ஏற்றுமதி ஆலையில் ஒரு முழுக்கைச் சட்டை பல பத்து ஆபரேஷன்களாக உடைந்து போகிறது. காலர் ஒருவர், கஃப் ஒருவர், பாக்கெட் ஒருவர், காஜாவுக்குத் தனி மெஷின். ஒவ்வொன்றுக்கும் இத்தனை நொடி என்று கணக்கு, அதிலிருந்து மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். காலரிலேயே பல வருடம் உட்கார்ந்தவர் வேகத்தில் எந்தக் கடை டெய்லரையும் மிஞ்சிவிடுவார். ஆனால் முழுச் சட்டையை வெட்டித் தைக்க அவருக்கு வாய்ப்பே வந்திருக்காது.

அதற்காக ஆபரேட்டரின் வேலையைக் குறைவாக எடைபோடுவதை என்னால் ஏற்க முடியாது. கார் இருக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். தோலில் ஒருமுறை ஊசி இறங்கினால் துளை மறையாது, பிரித்துத் தைக்க வழியில்லை. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள இருக்கைகளில் ஒரு தையல் மற்றவற்றிலிருந்து மாறுபட்டது. தினசரி உட்கார்ந்து எழுவதைத் தாங்க வேண்டும். விபத்தில் ஏர்பேக் விரியும்போது, நொடியில் நூறில் சில பங்கு நேரத்துக்குள், அது சரியாகக் கிழிந்து வழிவிட வேண்டும். அதற்கென்று தனி நூல். இழுப்பையும் தையல் எண்ணிக்கையையும் கண்காணிக்கும் மெஷின். எந்த உறையை எப்போது தைத்தார்கள் என்று பின்னால் தேடி எடுக்கப் பதிவு. ஓர் உயிர் அந்த ஓரத்தில் நிற்கிறது.

இவ்வளவு நுட்பத்துக்கும் கிடைக்கிற கூலி என்ன? தமிழ்நாட்டில் தையல் தொழிலுக்கு 2004-இல் நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்தை 2014-இல்தான் அரசு உயர்த்தியது. ஆலை முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உயர்வை உறுதிசெய்தது. பன்னிரண்டு வருடம் விலைவாசி ஏறியபடியே இருந்தது, அடிப்படைக் கூலி அசையவில்லை.

கூலியைவிட எனக்கு அதிகமாக உறுத்துவது இன்னொன்று. கல்யாணம், பிரசவம், கண்பார்வை, முதுகுவலி என்று ஏதோ ஒன்றில் பெண்கள் ஆலையை விட்டு நின்றுவிடுகிறார்கள். ஜாக்கெட் வெட்டத் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் மெஷினைப் போட்டுப் பிழைத்துக்கொள்வார். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் கைம்பெண்களுக்கும் கணவரால் கைவிடப்பட்டவர்களுக்கும் மெஷின் தருகிறது. அது நம்பியிருப்பதும் இந்தப் பிழைப்பைத்தான். வருடக்கணக்கில் கஃப் மட்டும் தைத்தவருக்கு அந்த மெஷின் வந்தாலும் முதல் வாடிக்கையாளர் துணியை நீட்டும்போது கை தயங்கும். ஆலைக்குள் பெண்கள் நிரம்பியிருப்பது தையல் லைனில். கட்டிங் பிரிவில் பெரும்பாலும் ஆண்கள். மத்திய அரசின் திறன் பயிற்சியிலும் 'தையல் மெஷின் ஆபரேட்டர்', 'சுயதொழில் தையற்காரர்' என்று இரண்டு தனித்தனிப் பாடங்கள். முதலாவதில் சேர்ந்தவர் இரண்டாவதற்குப் போக வேண்டுமென்றால் சம்பளத்தை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

ஆர்டர் குறைந்து லைன் சும்மா நிற்கும் நாட்கள் எல்லா ஆலைகளுக்கும் வரும். அந்த நாட்களில் சம்பளத்தோடு அளவெடுக்கவும் வெட்டவும் கற்றுக்கொடுக்கலாம். கட்டிங் டேபிள் அங்கேயே இருக்கிறது, மாஸ்டர் இருக்கிறார், வெட்டியது போக மிஞ்சும் துணிக்கும் பஞ்சமில்லை. குறைந்தபட்ச ஊதியத்தை அடுத்த முறை திருத்தும்போது, எத்தனை ஆபரேஷன் தெரிந்தவர் என்பதற்கும் ஒரு படிநிலை வைக்கச் சொல்லித் தொழிற்சங்கங்கள் அரசிடம் கேட்க வேண்டும்.

அடுத்த வாரம், லைனின் கடைசியில் நின்றபடியே வேலை செய்யும் செக்கிங் பெண்கள்.

(தொடரும்)