கதை கேட்க ஆள் இருந்த காலம்

1960இல் வெளிவந்த ‘களத்தூர் கண்ணம்மா’வில் ஐந்து வயதுக் கமல்ஹாசன் கடவுளை வேண்டிப் பாடுவார். திரையில் அசைவது அவர் வாய், பாடியவர் எம்.எஸ். ராஜேஸ்வரி. ஐந்தாண்டு கழித்து வந்த ‘குழந்தையும் தெய்வமும்’ படத்தில், இரட்டை வேடமேற்ற குட்டி பத்மினிக்கும் அவர் குரல்தான். அந்நாள் தமிழ்ப் படங்களில் ஒரு குழந்தை பாட வாயெடுத்தால் ஒலிப்பது பெரும்பாலும் வளர்ந்த ஒரு பெண்மணியின் குரலாகவே இருக்கும். ராஜேஸ்வரி அதை அவ்வளவு நேர்த்தியாகச் செய்தார். கொட்டகையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது இன்னொருவர் குரல் என்ற எண்ணமே எழுந்ததில்லை.

1990இல் மணிரத்னத்தின் ‘அஞ்சலி’ வந்தது. இளையராஜாவுக்கு அது 500ஆவது படம். அதில் குழந்தைகளுக்காகப் பாடியவர்கள் குழந்தைகளும் சிறுவர்களுமே. அவர் வீட்டுப் பிள்ளைகள், தம்பி கங்கை அமரன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஒலிவாங்கி முன் நின்றார்கள். சுருதி பிசகாத ராஜேஸ்வரியின் இடத்தில், கத்தலும் சிரிப்புமாக ஒரு கூட்டம். முப்பது ஆண்டுகளில் திரைக் குழந்தைக்குத் தன் தொண்டை கிடைத்துவிட்டது.

தொண்டை கிடைத்த வேகத்தில் சொல் கிடைக்கவில்லை. ‘குழந்தையும் தெய்வமும்’ கதையில் பிரிந்துபோன பெற்றோரைச் சேர்த்துவைக்க இரட்டைப் பெண்கள் இருவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். ஜெர்மானிய எழுத்தாளர் எரிஹ் கேஸ்ட்னர் 1949இல் எழுதிய சிறுவர் நாவல்தான் மூலம். 1961இல் டிஸ்னி படமாகி, அங்கிருந்து ஏவி.எம். வழியாக நமக்கு வந்தது. திட்டம் போடுவது பிள்ளைகள், ஆனால் திட்டம் முழுவதும் அப்பா அம்மாவுக்காக. அந்தக் காலத்துக் குடும்பப் படங்களில் குழந்தைக்கு வாய்த்த வேலை பெரும்பாலும் இதுதான்: பெரியவர்களின் பிணக்கைத் தீர்ப்பது, அவர்கள் மறந்த நீதியை நினைவூட்டுவது, கடைசி ரீலுக்கு முன் காய்ச்சலில் படுத்து இரு தரப்பையும் கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்துவது. அந்தக் குழந்தைக்குத் தனக்கென்று பிடித்தது, பிடிக்காதது ஏதாவது உண்டா என்று யாரும் கேட்டதில்லை.

திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த குழந்தையையும் யாரும் கேட்டதில்லை. டூரிங் கொட்டகையில் மாலை ஒரு காட்சி, இரவு ஒரு காட்சி. பகலில் வெளிச்சம் உள்ளே வரும் என்பதால் மேட்னி கிடையாது. தரை டிக்கெட் 25 பைசா, 30 பைசா. மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்துகொள்ளலாம், பின்னால் இருப்பவர் ஒரு முறை அதட்டும் வரை. புரொஜெக்டர் ஒன்றே ஒன்று என்பதால் ரீல் மாற்றும் போதெல்லாம் விளக்கு எரியும். ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. முறுக்கும் சோடா கலரும் அந்த இடைவேளைகளில் விற்றன. படம் விட்டதும் பாதி தூக்கத்தில் பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர வேண்டும். வழியில் சித்தப்பாவும் மாமாவும் சிவாஜியின் நடிப்பைப் பற்றிப் பேசுவார்கள். பிள்ளைகள் பக்கம் திரும்பினால், “பாத்தியா, பெத்தவங்க பேச்சைக் கேட்டா நல்லா இருக்கலாம்” என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும்.

அப்படியானால் அன்றைய பிள்ளைக்குத் தன் மனத்தில் பட்டதைச் சொல்ல இடமே இல்லையா? இருந்தது. பெரியவர்கள் இல்லாத இடத்தில் இருந்தது. தெருவில் எல்லார் வீட்டிலும் படத்துக்கு அனுப்ப மாட்டார்கள். போய் வந்த ஒருவன் மறுநாள் காலையில் பெரிய மனிதன் ஆகிவிடுவான். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியிலோ கிணற்றடியிலோ அவனைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்துவிட, அவன் படம் சொல்லத் தொடங்குவான். ‘படம் சொல்வது’ என்றுதான் பெயர். டைட்டில் ஓடும்போது வரும் இசையிலிருந்து ஆரம்பம். வில்லன் கதவை உதைக்கும் சத்தம், குதிரைக் குளம்படி, நம்பியார் கையைப் பிசைவது, சரோஜாதேவி நடப்பது எல்லாம் ஒரே ஆள். மூன்று மணி நேரப் படத்தை ஒரு மதிய உணவு இடைவேளைக்குள் அடக்க வேண்டும். எதை விடுவது, எதை நீட்டுவது என்பது அவன் முடிவு. பயந்த சுபாவம் உள்ளவன் பேய் வரும் இடத்தைச் சுருக்கிவிடுவான். சாப்பாட்டு ஆசை உள்ளவன் கல்யாண விருந்தில் பரிமாறிய பண்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்வான், படத்தில் காட்டாதவற்றையும் சேர்த்து. நடுவில் தூங்கிவிட்டவன் தூங்கிய பகுதிக்குச் சொந்தமாக ஒரு கதை கட்டுவான். அதே படத்தைப் பின்னால் பார்த்தவர்களுக்கு அந்தச் சொந்தக் கதையே மேலாகத் தோன்றியதும் உண்டு.

ஒரே படத்தை இரண்டு பேர் சொன்னால் இரண்டு படமாக இருந்தது. இன்று கருத்தரங்குகளில் தனித்துவம், சுய வெளிப்பாடு என்கிறார்களே, அது அந்த வேப்பமரத்தடியில் பெயர் தெரியாமல் நடந்துகொண்டிருந்தது.

அதற்கான துணைக்கருவிகளும் மலிவாகக் கிடைத்தன. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். சிக்கல் முற்றும் இடத்தில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லிவிடுவார்கள். படத்துக்குப் போக வழியில்லாத பிள்ளை மீதியைத் தானே யோசித்துக்கொள்ளும். வானொலியில் ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம் கேட்டவர்களுக்கு வசனம் கிடைத்தது, முகம் கிடைக்கவில்லை. முகத்தை அவரவர் வரைந்துகொண்டார்கள். அறுந்த பிலிம் துண்டுகளைச் சேகரித்து, கண்ணாடியில் வெயிலைப் பிடித்து, பூதக்கண்ணாடி வழியே வேட்டித் திரையில் விழச் செய்து, ஓடாத அந்த ஒற்றைப் படத்துக்குப் பின்னால் நின்று வசனம் பேசிய பையன்கள் எத்தனையோ ஊர்களில் இருந்தார்கள்.

இந்த நினைவை அப்படியே பொற்காலமாக்கிவிடக் கூடாது. படம் சொன்னவன் எப்போதும் ‘அவன்’தான் என்பதைக் கவனியுங்கள். பெண்பிள்ளைகளுக்குத் தெருவில் அந்தச் சபை கிடைக்கவில்லை. அடுக்களையிலும் திண்ணையிலும் தங்களுக்குள் சொல்லிக்கொண்டதோடு சரி. திக்கிப் பேசுபவனைக் கூட்டம் இரண்டு நிமிடத்தில் எழுப்பிவிடும். கூச்ச சுபாவம் உள்ள குழந்தை கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்து வளர்ந்துவிட்டது. எழுத்து மாறித் தெரியும் பிள்ளைக்கு அன்று கிடைத்த ஒரே பெயர் ‘மக்கு’.

இடையில் தொலைக்காட்சி வந்தது. 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தூர்தர்ஷன் தொடங்கி, தமிழ்ப் படம் பார்க்கத் தெருவே ஒரு வீட்டு ஜன்னலில் கூடிய நாட்கள் வந்தன. 1993இல் சன் டிவி. 2007இல் குழந்தைகளுக்கென்றே சுட்டி டிவி. எல்லாரும் ஒரே படத்தை ஒரே நேரத்தில் பார்த்த பிறகு, மறுநாள் யார் யாருக்குப் படம் சொல்வது? அந்தக் கலை எப்போது நின்றது என்று எவராலும் நாள் குறிக்க முடியாது. ஏறக்குறைய அப்போதுதான்.

இன்றைய படங்களுக்கு வருவோம். அவை வேறு குழந்தைகளைக் காட்டுகின்றன. பாண்டிராஜின் ‘பசங்க’ (2009) படத்தில் அன்புக்கரசு தன் பெயரோடு தானே ஐ.ஏ.எஸ். பட்டத்தைச் சேர்த்துச் சொல்லிக்கொள்வான். இல்லாத மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பி வாயால் சத்தம் கொடுத்து ஓட்டிப் போவான். ராமின் ‘தங்க மீன்கள்’ (2013) செல்லம்மாவுக்கு ஆங்கில ‘எம்’முக்கும் ‘டபிள்யூ’வுக்கும் வேறுபாடு பிடிபடாது. முன்பானால் அவள் துணைக் கதாபாத்திரம்; சிரிக்கவைக்க வந்திருப்பாள். இங்கே அவள்தான் படம். 2007இல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ இந்திப் படமானாலும், டிஸ்லெக்சியா என்ற சொல்லைத் தமிழ் வீடுகளுக்கும் கொண்டுவந்து சேர்த்தது. பிக்சாரின் ‘இன்சைட் அவுட்’ (2015) பதினொரு வயதுப் பெண்ணின் மண்டைக்குள் மகிழ்ச்சி, துயரம், கோபம், பயம், அருவருப்பு ஐந்தையும் ஆட்களாக நடமாடவிட்டது. தனக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை விரல் நீட்டிக் காட்ட இப்போது ஐந்து உருவங்கள் இருக்கின்றன. அன்றைய எங்களுக்கு அழுகை, சிரிப்பு இரண்டுக்கு மேல் பெயர் தெரியாது.

இவற்றுள் என் கணக்கில் மணிகண்டனின் ‘காக்கா முட்டை’க்குத் தனி இடம். சென்னைக் குடிசைப் பகுதி அண்ணன் தம்பி இருவர், ரயில் பாதையோரம் கரி பொறுக்கிக் காசு சேர்த்து ஒரு பீட்சாவுக்கு ஆசைப்படுகிறார்கள். ஊரே விளம்பரப்படுத்தி, அவமானப்படுத்தி, கடைசியில் கூப்பிட்டு உட்காரவைத்து ஊட்டும் அந்தப் பண்டத்தை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, ஆயா சுட்ட தோசை இதைவிட நன்றாக இருந்தது என்கிறார்கள். தமிழ்த் திரையில் ஒரு குழந்தை தன் நாக்கை மட்டும் நம்பிச் சொன்ன தீர்ப்பு அதுவாகத்தான் இருக்கும். 2015 ஜூனில் அது திரைக்கு வந்தது. சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது.

பள்ளிக்கூடமும் மாறியிருக்கிறது. முன்பு வரிச்சலுகை பெற்ற படத்துக்கு வரிசையாக நடத்திக் கூட்டிப்போய், திரும்பியதும் ‘நான் பார்த்த திரைப்படம்’ என்று கட்டுரை எழுதச் சொல்வார்கள்; முன்னுரை, கதைச் சுருக்கம், நீதி, முடிவுரை. நாற்பது நோட்டிலும் ஒரே நீதி இருக்கும். 2022 முதல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள மாணவர்களுக்குச் சிறார் திரைப்படத் திரையிடல் நடக்கிறது. தொடக்கத்தில் காட்டிய படங்களில் சாப்ளினின் ‘தி கிட்’ ஒன்று. 1921இல் வந்த மௌனப் படம். பார்த்த பின் மாணவர்கள் படத்தைப் பற்றிப் பேசலாம், எழுதலாம், நடித்துக் காட்டலாம். வசனமே இல்லாத படத்தை முதலில் தேர்ந்தவர்களுக்கு ஒரு சபாஷ் போடலாம். அங்கே சொல்ல வேண்டியதை எல்லாம் பிள்ளைகளே சொல்லியாக வேண்டும்.

வீட்டில்தான் சிக்கல். சென்னை மால் தியேட்டரில் ஒரு டிக்கெட் ஏறக்குறைய 190 ரூபாய். நான்கு பேர் போய்ச் சோளப்பொரியும் வாங்கினால் ஆயிரம் தாண்டும். அதனால் படம் கைபேசிக்கு வந்துவிட்டது. அப்பா ஒரு திரையில், மகள் ஒரு திரையில், காதில் தனித்தனி ஒலிப்பான். அவரவர்க்குப் பிடித்ததைப் பார்ப்பது என்ற அளவில் இது தனித்துவம்தான். முன்பு ஒரு குடும்பம் ஒரே படத்துக்குப் போக வேண்டும், அதுவும் ஊரில் ஓடும் ஒரே படத்துக்கு. இன்று எட்டு வயதுப் பிள்ளை ஜப்பானிய அனிமேஷனையும் ஈரானியப் படத்தையும் தேடிப் பார்க்கிறது. பிடித்த இடத்தை நிறுத்திவைத்து மறுபடி பார்க்கலாம், பயந்தால் ஓட்டிவிடலாம். எங்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது. பார்த்ததைச் சொல்ல மட்டும் ஆள் இல்லை.

சேர்ந்து பார்க்கும் வீடுகளில் கேள்வி கேட்கிறார்கள், உண்மைதான். ஆனால் பழைய நோட்டுக் கேள்வியையே கேட்கிறார்கள். தெரிந்தவர் வீட்டில் ‘காக்கா முட்டை’ முடிந்ததும் அப்பா கேட்டார்: “இதுல இருந்து என்ன கத்துக்கிட்ட?” பையன் தயங்காமல் சொன்னான்: “இருக்கிறதை வெச்சுச் சந்தோஷமா இருக்கணும்.” அப்பாவுக்குத் திருப்தி. இரவு தோசை சாப்பிடும்போது அவனாகவே கேட்டான்: “ஏம்பா, பீட்சா நெஜமாவே நல்லா இல்லையா? இல்ல, அவ்ளோ பேர் முன்னாடி அடி வாங்கினதால நல்லா இல்லாத மாதிரி இருந்துச்சா?” அப்பா, “பேசாம சாப்பிடு” என்றார். அந்தப் படத்தைப் பற்றி நான் படித்த எந்த விமரிசனமும் இவ்வளவு தூரம் போகவில்லை.

பழைய கொட்டகையை யாரும் திரும்பக் கட்டப் போவதில்லை; ரீல் மாற்ற விளக்குப் போடும் ஆளும் வரப்போவதில்லை. ஆனால் படம் சொல்லக் கேட்கும் ஒரு ஆளை ஒவ்வொரு வீட்டிலும் உண்டாக்க முடியும், செலவே இல்லாமல். அடுத்த முறை பிள்ளைகளோடு ‘பசங்க’யோ ‘குரங்கு பெடல்’லோ போடும்போது வீட்டில் ஒருவர் மட்டும் வேண்டுமென்றே பார்க்காமல் இருங்கள். பாட்டியாக இருந்தால் நல்லது, பொறுமையாகக் கேட்பார். மறுநாள் பிள்ளையைக் கூப்பிட்டு அவருக்குப் படம் சொல்லச் சொல்லுங்கள். கூச்சப்படும் பிள்ளையானால் அந்த ஒருவர் தவிர மற்றவர்கள் எழுந்து போய்விடுங்கள். தவறாகச் சொன்னால் திருத்தாதீர்கள், படத்தில் இல்லாததைச் சேர்த்தால் தடுக்காதீர்கள். நீதி என்ன என்று மட்டும் கடைசியில் கேட்டுவிடாதீர்கள்.