கைக்கு மறுபடியும் பாடம்

தொழுநோய் முழங்கையை ஒட்டிய நரம்பைத் தாக்கினால் விரல்கள் கொக்கிபோல் மடங்கிவிடும். அந்தக் கை இனி உதவாது என்று பல மருத்துவர்களே கைவிட்டிருந்தனர். கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1940-களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், வலுவுள்ள தசையின் நாணைச் செயலிழந்த விரல்களோடு இணைத்துக் காட்டினார்.

அறுவை சிகிச்சை பாதி வேலைதான். மாவுக்கட்டைப் பிரித்ததும் "விரலை நீட்டு" என்றால் நோயாளியால் முடியாது. மூளைக்கு அந்தத் தசையின் பழைய வேலை மட்டுமே தெரியும். அதனால், மணிக்கட்டுத் தசையை இணைத்திருந்தால், சிகிச்சையாளர் "மணிக்கட்டைப் பின்னால் வளை" என்பார். விரல்கள் நிமிரும்! பல வாரப் பயிற்சியில் அது பழக்கமாகிவிடும்.

பிறகுதான் பிழைப்பு. வேலூரில் தொடங்கிய நவஜீவ நிலையம் என்ற மறுவாழ்வு மையத்தில் நோயாளிகள் மரப்பொம்மை செய்யப் பழகினர். மரத்துப்போன கைக்குச் சூடும் வெட்டும் தெரியாது. தினமும் உள்ளங்கையைப் பார்த்துக்கொள்வதும் பாடத்தில் சேர்ந்தது.

இத்தகைய பயிற்சி தரும் சிகிச்சையாளர்களை உருவாக்க, 1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் ஆக்குபேஷனல் தெரபி (தொழில்வழிச் சிகிச்சை) பள்ளியைத் தொடங்கினார். இத்துறையில் முதல் கேள்வி, 'என்ன வேலை செய்கிறீர்கள்?' என்பதே. கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்துப் பலராமபுரம் நெசவாளிக்கும், பாறசாலைப் பக்கத்து ரப்பர் வெட்டும் தொழிலாளிக்கும் வேண்டிய பிடி வேறு வேறு.

உணர்ச்சியற்ற தேமல் தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.