உற்பத்தியாளர் கம்பெனிகளின் டிஜிட்டல் முதிர்ச்சியை அளவிடும் முறை

நெல், மணிலாக்கொட்டை முதலிய விளைபொருள்களைக் குடியானவர்களிடம் வாங்கி விற்கும் உற்பத்தியாளர் கம்பெனிகள் பலவற்றில் இக்காலத்தில் கணினி வைக்கப்பட்டிருக்கிறது. கணினி இருப்பது ஒன்று. அதனால் வியாபாரம் திருந்துவது வேறொன்று. ஒரு ஸ்தாபனம் மின்னணுச் சாதனங்களைக் கொண்டு தன் காரியங்களை எவ்வளவு செவ்வையாக நடத்துகிறது என்பதே அதன் டிஜிட்டல் முதிர்ச்சி எனப்படும். மண்ணைச் சோதியாமல் உரமிடுவது போலவே, இம்முதிர்ச்சியை அளவிடாமல் புதிய மென்பொருள் வாங்குவதும் வீண் செலவாக முடியக்கூடும். அந்நஷ்டம் அங்கத்தினர்களையே சாரும்.

ஐரோப்பிய யூனியனில் சிறு, நடுத்தரத் தொழில்களைச் சோதிப்பதற்கு ஏற்பட்டுள்ள வினாத்தாளில் 6 தலைப்புகள் உள்ளன. அவையாவன: தொழில் திட்டம், சாதன ஆயத்தம், ஊழியர் பயிற்சி, தரவுகளின் நிர்வாகமும் பாதுகாப்பும், தானியங்கு முறை, சுற்றுச்சூழல் பேணல். சாதனம் இவற்றுள் ஒரு பகுதியே என்பது கவனிக்கத்தக்கது.

நம் கம்பெனிகள் பின்வரும் 6 வினாக்களால் தம்மைச் சோதித்துக்கொள்ளலாம்.

1. எடைச்சீட்டு எழுதிய அன்றே கணினிக் கணக்கில் ஏறுகிறதா?
2. கணக்கில் காணும் மூட்டைகளும் கிடங்கில் எண்ணிய மூட்டைகளும் ஒத்திருக்கின்றனவா?
3. ஒவ்வொரு கொள்முதலுக்கும் பணம் பட்டுவாடா ஆன தேதியைக் கணக்கிலிருந்தே காட்ட இயலுமா?
4. குமாஸ்தா வராத நாளில் பயிற்சி பெற்ற வேறொருவர் அவ்வேலையைச் செய்கிறாரா?
5. கணக்கின் நகல் வேறோரிடத்தில் பத்திரமாக வைக்கப்படுகிறதா?
6. விலையையும் விற்கும் காலத்தையும் தீர்மானிக்கும்போது நிர்வாகக் குழு அக்கணக்கைப் பார்க்கிறதா?

“இல்லை” என்பதற்கு 0, “சில வேளைகளில்” என்பதற்கு 1, “எப்போதும்” என்பதற்கு 2 மதிப்பெண் இடுக. வாய்ச்சொல்லைக் கொண்டு மதிப்பிடலாகாது. சென்ற மாதத்துக் கணக்கையும் சீட்டுகளையும் நேரில் ஒப்பிட்டே மதிப்பிடவேண்டும்.

மொத்தம் 12-க்கு எத்தனை என்பதைவிட, எவ்வினாவுக்கு மதிப்பெண் மிகக் குறைந்தது என்பதே முக்கியம். முதலில் அதனையே திருத்தவேண்டும். இருப்புக் கணக்கு பிழைபட்டிருக்குமானால், 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி தொடங்கப்பெற்ற ஈ-நாம் என்னும் மின்னணுச் சந்தையில் சேர்வதாலும் முழுப்பயன் கிட்டாது. இல்லாத சரக்குக்கு விலை பேசும் நிலை நேரிடும்.

ஓராண்டு கழித்து இதே வினாக்களால் மீண்டும் சோதித்து, இரு மதிப்பெண்களையும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசிப்பது நலம். செலவிட்ட பணம் பலன் தந்ததா என்பதை அங்கத்தினர் யாவரும் அப்போது அறிவர்.