வீடு தேடி மாத்திரை வந்தாச்சு... பி.பி. குறைஞ்சுதா?

“அம்மா, மாத்திரை இருக்கா, தீர்ந்துடுச்சா?” திருத்தணி பக்கத்துக் கிராமங்களில் வாசலில் நின்று இப்படிக் கேட்பவர் டாக்டர் இல்லை, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர். வீட்டிலேயே பி.பி., சர்க்கரை பரிசோதனை, மாதாமாதம் மாத்திரை. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இத்திட்டம், 2024-ல் ஐ.நா. விருது பெற்றது.

சரி, திட்டம் பலன் தருதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

1 கோடி பேர் என்றால்?

பயனாளிகள் எண்ணிக்கை 2022 டிசம்பரிலேயே 1 கோடியைத் தொட்டதாக அரசு அறிவித்தது. அது எத்தனை பேரிடம் திட்டம் போய்ச் சேர்ந்தது என்று சொல்லும். எத்தனை பேருக்கு நோய் கட்டுப்பட்டது என்று சொல்லாது. திருத்தணி மலையடிவாரத்தில் தலைகளை எண்ணிவிட்டு, 365 படியும் ஏறி எல்லோரும் முருகனைப் பார்த்துட்டாங்க என்று சொல்ல முடியுமா?

இங்கேயும் படிகள் உண்டு: நோயைக் கண்டுபிடிப்பது, சிகிச்சை தொடங்குவது, மாத்திரையை விடாமல் சாப்பிடுவது, கடைசியில் பி.பி. 140/90-க்குக் கீழே வருவது. ஒவ்வொரு படியிலும் சிலர் நின்றுவிடுகிறார்கள்.

அப்போ எதைப் பார்க்கணும்?

கட்டுப்பாட்டு விகிதத்தை. தமிழ்நாட்டில் 2020-ல் வெளியான ‘ஸ்டெப்ஸ்’ ஆய்வின்படி, ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும், சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. திட்டம் வந்த பிறகு நடந்த இரண்டாம் சுற்றில் இவை 17, 16.7 சதவீதமாக உயர்ந்தன. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் ஆறில் ஐந்து பேருக்கு இன்னும் கட்டுப்படவில்லை.

உயர்வு முழுக்கத் திட்டத்தாலா?

அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. இதே காலத்தில் தனியார் சிகிச்சை, விழிப்புணர்வு எல்லாமும் மாறியிருக்கலாம். மாநிலம் முழுவதும் திட்டம் பரவிவிட்டதால், திட்டம் இல்லாத ஊரோடு ஒப்பிட வழியில்லை.

விடுபடுவது யார்?

பகலில் தறிக்குப் போகும் ஆண், தன்னார்வலர் வரும்போது வீட்டில் இருக்க மாட்டார். இதற்காகவே 2024-ல் பணியிடங்களுக்கும் பரிசோதனை கொண்டுபோகப்பட்டது.

“இன்னைக்கு எத்தனை வீடு?” என்று மட்டும் மேலிடம் கேட்டால், தன்னார்வலர் வீடு வீடாக ஓடத்தான் செய்வார். “போன மாசம் 160 இருந்தவருக்கு இப்போ எவ்வளவு?” என்று கேட்டால், அந்த ஒருவர் வீட்டில் பத்து நிமிஷம் கூடுதலாக உட்காருவார்.