கடலோரத்தில் இருவகைக் கைபேசிகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தை நோக்கிச் செல்வோர் முட்டுக்காட்டுப் பாலத்தருகே இறங்கி, கோவளத்தை ஒட்டிக் கடலோடு கலக்கும் உப்பங்கழியையும் அதில் மிதக்கும் சுற்றுலாப் படகுகளையும் ஸ்மார்ட்போனில் படம் பிடிப்பது இன்று சர்வ சாதாரணம். எண்கள் தேய்ந்த பட்டன் போனும் அக்கரையோரத்தில் அழிந்துவிடவில்லை. இவ்விரண்டுக்கும் வித்தியாசம் யாதெனக் கேட்டால், ஒன்றில் கண்ணாடித் திரை, மற்றதில் பொத்தான்கள் என்பதோடு பெரும்பாலோர் நிறுத்திக்கொள்கிறார்கள். அது புறத்தோற்றத்தைப் பற்றிய பேச்சேயன்றிப் பொருளின் சுபாவத்தைப் பற்றியதன்று. பிளாக்பெரி என்னும் ஸ்மார்ட்போன் பொத்தான்களோடுதானே பல்லாண்டு விற்பனையாயிற்று?

சாதாரணக் கைபேசி, தொழிற்சாலையை விட்டு வெளிவரும் நாளிலேயே பூர்த்தியாகிவிட்ட சாதனம்; பேசுதல், குறுஞ்செய்தி, பாம்பு விளையாட்டு, டார்ச் விளக்கு என்று அதற்கு விதிக்கப்பட்ட காரியங்கள் எத்தனையோ, ஏறக்குறைய அத்தனையோடுதான் அதன் ஆயுளும் கழியும். ஸ்மார்ட்போனோ வேண்டுமென்றே பூர்த்தியாகாமல் விடப்பட்டது. ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் போன்றதோர் இயங்குதளத்தை ஆதாரமாக அமைத்து, அதன்மேல் என்னென்ன காரியம் நடக்கவேண்டும் என்பதைத் தயாரித்தவர் முன்பின் அறியாத பிறர் நிர்ணயிக்குமாறு விட்டுவைத்த கணினி அது. 2007-இல் வெளிவந்த ஐபோனில்கூட வெளியார் எழுதிய செயலிகளை நிறுவ முறையான வழி இல்லை. 2008 ஜூலையில் சுமார் 500 செயலிகளோடு ஆப் ஸ்டோர் திறந்த பிறகே அதன் முழு சொரூபம் புலப்பட்டது. ஜாவா விளையாட்டுகளை ஏற்ற பட்டன் போன்களும் உண்டு என்று சிலர் ஆட்சேபிக்கலாம். உண்மையே, ஆனால் அவற்றுக்குத் திண்ணையில்தான் இடமிருந்தது, வீட்டுக்குள் அனுமதி சொற்பம்.

இதில் ஒரு வேடிக்கை: ஸ்மார்ட்போனுக்குள் பழைய கைபேசி இன்னும் குடியிருக்கிறது. டவரோடு பேசி அழைப்புகளைக் கவனிக்கும் மோடம், தனக்கென்று வேறொரு மென்பொருளை வைத்துக்கொண்டு தனியே இயங்க, செயலிகளை நடத்தும் பிரதான புராசஸர் அதற்குப் பக்கத்தில் தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பேதம் கடற்கரையில் எப்படிப் பலிக்கிறது என்பதைப் பார்ப்போம். கடற்பரப்பின் வெப்பத்தையும் நீரிலுள்ள பச்சையத்தையும் செயற்கைக்கோள்கள் வாயிலாக அறிந்து, மீன் கூடக்கூடிய இடங்களை ஊகித்துச் சொல்வது ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் பணி. மீன் இறங்குதளத்திலிருந்து இன்ன திசை, இத்தனை தூரம், இத்தனை ஆழம் என்ற அளவில் பட்டன் போனுக்கும் அச்செய்தியை அனுப்பலாம். ஆங்கில எழுத்தானால் ஒரு குறுஞ்செய்திக்கு 160, தமிழானால் 70 என்ற வரம்புக்குள் சுருக்கியாகவேண்டும், அவ்வளவே. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் குவால்காம் நிறுவனத்தின் துணையோடு உருவாக்கிய ‘பிஷர் பிரண்ட்’ செயலியோ அதையே வரைபடத்தில் காட்டுகிறது. கரையிலிருந்து வெகுதூரம் சென்றால் டவர் அற்றுப்போய் இருவகைப் போன்களும் ஊமையாகிவிடும் என்பது மெய்தான். ஆயினும் ஸ்மார்ட்போனிலுள்ள ஜிபிஎஸ் உறுப்பு டவரை நம்பியதன்று, செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை நேரே வாங்கித் தன் இருப்பிடத்தைக் கணிப்பது. ஆகவே கரையிலேயே இறக்கி வைத்துக்கொண்ட வரைபடம், பேச வழியற்ற நடுக்கடலிலும் படகு நிற்கும் இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்தப் போனைச் செய்தவர் படகோட்டியை நினைத்துச் செய்தவரல்லர் என்பதை இங்கே கவனிக்கவேண்டும். முட்டுக்காட்டில் பரிசோதனை நிலையம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமும் இறால் பண்ணைக்காரர்களுக்கென்று ஒரு செயலியை வெளியிட்டிருக்கிறது.

இரு யுகங்களுக்கும் இப்பிரதேசமே சாட்சி. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்து, பெரும்பாலும் எளிய கைபேசிகளைச் செய்து குவித்து, 2014 நவம்பரில் மூடப்பட்டது. வரி வழக்கின் காரணமாக, நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கிய மைக்ரோசாப்டுக்கும் அந்த ஆலை போய்ச் சேரவில்லை. எட்டாண்டு கழித்து, 2022-இல், செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பெகட்ரான் நிறுவனம் ஐபோன்களை இணைக்கும் ஆலையைத் திறந்தது.

இவ்வளவும் சொன்னபின் பட்டன் போனை இகழ்ந்துவிடக் கூடாது. 2003-இல் வந்த நோக்கியா 1100, 850 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியைக் கொண்டு, அழைப்பை எதிர்பார்த்தபடியே 400 மணி நேரம் வரை தாங்கும் என்று அதன் தயாரிப்பாளர் கூறினர். அதைப்போல் ஆறு மடங்கு கொள்ளளவுள்ள இன்றைய ஸ்மார்ட்போன் இரவானதும் மின்சாரத்துக்கு ஏங்குகிறது. ஓயாமல் ஒளிரும் திரையும், பின்னணியில் உழைக்கும் செயலிகளும் கேட்கும் கூலி அது. பணம் செலுத்தவும் பட்டன் போன் அடியோடு உதவாததன்று. ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் அறிமுகப்படுத்திய யுபிஐ 123பே, இணையமில்லாத போனிலிருந்தும் பணம் அனுப்ப வகை செய்தது.

பூர்த்தியாகாத பொருளுக்கு வேறொரு பலவீனமும் உண்டு. தயாரித்தவர் புதுப்பிப்பை நிறுத்திய நாள்முதல் ஸ்மார்ட்போனின் காவல் தளர்கிறது. சில ஆண்டுகளில், உடல் பழுதில்லாதபோதே, வங்கிச் செயலி அதை ஏற்க மறுக்கிறது. கூகுள் 2023-இல் பிக்சல் 8 போனுக்கும், சாம்சங் 2024-இல் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் ஏழாண்டுப் புதுப்பிப்பை வாக்களித்தன. குறைந்த விலைப் போன்களுக்கு அந்தக் காலக்கெடு பெரும்பாலும் வெகுவாகக் குறைவு. கடைக்காரரிடம் கேமராவைப் பற்றி அரைமணி நேரம் விசாரிக்கிற நம்மவர்கள் அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.